ஈரத்தின் எடை

இருபத்தாறு வருடம் கஞ்சா நிறுத்தேன்.
நிறுத்தேன் என்றுதான் சொல்கிறேன்,
நிறுத்தினேன் என்றல்ல.
டர்பன் ஆய்வகம், இரண்டாம் மாடி,
கடல் தெரியாத பக்கம்.
பழுப்பு உறைகளில் வரும்,
விதையும் காம்புமாக. சிலவற்றில்
பேருந்துச் சீட்டு. ஒருமுறை ஒரு பால்பல்.
பிரித்து, நிறுத்து, கையொப்பம் இடுவேன்:
கோகிலா படையாச்சி, சோதனையாளர்.
வீட்டில் அரிசியைக் கண்ணால்தான் அளப்பேன்.

அந்த நாளில் சட்டத்துக்கு ஒரு கோடு இருந்தது,
நூற்றுப் பதினைந்து கிராம்.
அதற்குக் கீழே புகைப்பவன்,
மேலே விற்பவன்.

பிப்ரவரி. சுவரே வியர்க்கும் மாதம்.
பெகி ஷெசி என்பவரின் பை
நூற்றுப் பதினெட்டு காட்டியது.
எழுதினேன்.
சில வாரம் கழித்து, எரிப்பதற்கு முன்,
ஏனோ இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன்.
நூற்றெட்டு.
பத்து கிராம் தண்ணீர்.
அவரை விற்பவர் ஆக்கியது எங்கள் ஊர்க் காற்று.
அவர் அப்போது வெஸ்ட்வில் சிறையில் இருந்தார்.
நான் மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.
பீன்ஸ் கறி. அதுகூட நினைவிருக்கிறது.

பிறகு அந்தக் கோட்டை நீதிமன்றமே அழித்தது.
அவருக்கு யாராவது சொன்னார்களா, தெரியாது.

இப்போது செடியே வைத்துக்கொள்ளலாம்.
உன் வீடு, உன் புகை என்று தீர்ப்பு.
வாங்கக் கூடாது, விற்கக் கூடாது;
விதை வானத்திலிருந்து விழும்போல.
பக்கத்து வீட்டு மூட்லி
கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் நடுவே
இரண்டு நட்டிருக்கிறார், மூட்டுவலிக்காம்.
வலி போனதா என்று கேட்டேன்.
"வலி இருக்கு, கோகிலா. ஆனா
அது இப்போ வேற யாரோட வலி மாதிரி இருக்கு."

பேவியூ மண்டபத்தில் கூட்டம்.
மூலிகை என்றார் ஒருவர், நஞ்சு என்றார் மற்றவர்.
இருவருக்கும் அதே கைகள் தட்டின.
களைத்த முகத்தோடு ஒரு மருத்துவர்
திரையில் வரைபடம் காட்டினார்.
இளவயது, தினப்பழக்கம், வீரியம் கூடிய சரக்கு
என்றால் மனச்சிதைவுக்கு வாய்ப்பு கூடும்;
எல்லாருக்கும் அல்ல;
யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.
பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்:
"சொல்ல முடியாதுன்னா எதுக்கும்மா படம்?"
மண்டபமே சிரித்தது.
என் பக்கத்து நாற்காலியில் தேசிகனும் சிரித்தான்,
கொஞ்சம் தாமதமாக.

தங்கை மகன். இருபத்திரண்டு.
பதினாறில், பள்ளி மைதானத்துக்குப் பின்னால், தொடங்கினான்.
பத்தொன்பதில் எங்கள் தெருவிளக்கு
அவன் பெயரைச் சொல்லத் தொடங்கியது.
ஆனால் அவன் சித்தப்பா இருந்தார்,
பீடிகூடத் தொடாத மனிதர்;
அணைத்து வைத்த வானொலி அவரிடம் பேசும்.
அதனால் தங்கை இலையைச் சபிக்கிறாள்,
அவள் கணவர் எதையும் சபிப்பதில்லை,
எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

திரும்பும் வழியில் மழை.
சிக்னலில் நின்றபோது கேட்டான்:
"பெரியம்மா, நீங்க நிறுத்துப் பாத்தவங்கதானே.
எனக்கு மொத்தம் எத்தனை கிராம் ஆகியிருக்கும்?"
உண்மையாகவே கணக்குப் போட்டேன்.
நாளுக்கு அரை, மூன்று வருடம்,
விடுமுறை நாட்களில் கூடுதல்.
ஐந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.
எந்தக் கிராமில் அது திரும்பியது?
மூன்றாம் தசமம் வரை பழகிய கை
ஸ்டியரிங்கில் சும்மா கிடந்தது.
"தெரியலடா" என்றேன்.
ஈரத்தோடா, காய்ந்த பிறகா என்று
பாழாய்ப்போன புத்தி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

பச்சை விழுந்தது.
எட்டு மணிக்கு அவனுக்கு மாத்திரை.
எங்கள் வளைவில் அந்த ஒரு விளக்கு மட்டும்
போன மாதத்திலிருந்து எரியவில்லை;
நகராட்சிக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை.
கண்ணாடியைத் துடைத்து அண்ணாந்து பார்த்தான்.
"இன்னைக்கு ஒண்ணும் சொல்லல" என்றான்,
கொஞ்சம் வருத்தமாக.