நாலு தசம் மூன்று

காலை நாலே முக்கால். உட்துறையில்
இழுவைப்படகைக் கட்டிவிட்டு வருகிறான் முபாரிஸ்.
கதிரையில் இருந்து நாடியைத் தாங்கியில் வைக்கிறான்.
டீசல் மணம். அதற்குள் கொஞ்சம் பிளேன்டீ.

விளக்கைத் தணிக்கிறேன்.
திரை முழுக்க அவனுடைய ஒரு கண்,
நடுவே கறுப்பு.
எதிரில் இருப்பவர் பொம்மைபோல் தெரிவதால்
பாவை என்று பேராம் இதற்கு.
நான் தெரியவில்லை.
கமராவின் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்தான்.

நித்திரை வருதா என்று கேட்பதில்லை.
இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.
ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து வா என்பேன்.

தொளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று.
தொளாயிரத்து எண்பத்தாறு.
கறுப்பு விரிகிறது,
மூன்று தசம் ஆறிலிருந்து நாலுக்கு.
மூட்டை தூக்குகிறவனுக்குக்
கழுத்து நரம்பு புடைக்குமே, அப்படி.
முகத்தில் ஒன்றுமில்லை. முகம் பழகிவிட்டது.

தொளாயிரத்து எழுபத்தொன்பது.
எழுபத்திரண்டு.
பிறகு
கட்டிய படகுபோல் ஆடத் தொடங்குகிறது,
விரிந்து சுருங்கி, விரிந்து,
சுருங்கி,
சுருங்கி.
அறுபத்தைந்து என்கிறது வாய். அறுபது. ஐம்பது.
வாய்க்குத் தெரியாமல்
உள்ளே ஒருவன் மூட்டையை இறக்கிவிட்டுப்
பக்கத்திலேயே குந்திவிட்டான்.

எத்தனை ராவு?
"மூண்டு மிஸ். நசீமுக்கு டெங்கு,
அவன்ட முறையும் நான்தான் செஞ்ச."

வீட்டில ஒன்றுமில்லையே?
"ஒண்டுமில்ல."

கணக்கு ஒன்றும் கொடுக்கவில்லை நான்.
நாலு தசம் மூன்று.

ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி
இந்தத் துறையின் ஆழத்தை அளந்தார்களாம்.
என்னிடம் இருப்பது மில்லிமீற்றர்.
அந்த ஒண்டுமில்லைக்குப்
படிவத்தில் கட்டமும் இல்லை.

விளக்கைப் போடுகிறேன்.
ஊசித்துளையாகி
எல்லாவற்றையும் உள்ளே இழுத்து மூடிக்கொள்கிறது கண்.

இருபத்துநாலு மணித்தியாலம் படகு ஏறக்கூடாது
என்று எழுதுகிறேன்.
"ஓவர்டைம் போகுமே மிஸ்."
அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது
அவன் கண்தான், நானில்லை
என்று சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை. கையெழுத்து என்னுடையது.

வெளியே இன்னும் விடியவில்லை.
கேற்றடியில் இரண்டு மான்கள்
சோற்றுப் பாசலைக் கிளறுகின்றன.
அவற்றுக்குப் பக்கத்தில் நின்று
விரல் மடித்து
ஏதோ கணக்குப் பார்க்கிறான் முபாரிஸ்,
முதலிலிருந்து, திரும்பவும்.

இங்கிருந்து கண் தெரியவில்லை.