கழிவு

பொகவந்தலாவை மழைக்குள் ஏழாம் காம்பரா.
போசாக்கியல் இறுதியாண்டு ஆய்வுக்காக
பவளராணி அக்காவின் ரொட்டியை
என் சின்னத் தராசில் வைத்தேன்.
நூற்றுப் பதினெட்டு கிராம்.

எட்டிப் பார்த்தார்.
"இதுல எவ்வளவு கழிப்பீங்க?"

எதற்கு அக்கா?

"சாக்குக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு.
கழிக்காம கொழுந்து நிறுத்தவங்கள
நான் பாத்ததில்ல."

நாங்களும் கழிப்பவர்கள்தான்:
தோல், முள், கொட்டை.
'உண்ணத்தக்க பகுதி' என்று
விரிவுரைக் கொப்பியில்
மூன்று முறை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

ரொட்டியில் கழிக்க ஒன்றுமில்லை என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பிய்த்தார்.
பாதி, பள்ளிக்கூடத்திலிருந்து வரப்போகும் மகனுக்கு.
மீதியிலும் பாதி, கட்டச்சம்பலோடு, என் கையில்.
மிச்சத்தைத் தானே தராசில் வைத்தார்.

"இப்ப நிறுங்க. இதுதான் என்னது."

இருபத்தொன்பது.
வாயில் ரொட்டியோடு
எழுதிக்கொண்டேன்.