மூன்றாவது பாத்தி

விமானக் கதவில் உரசியது
என் சட்டைக்கையா அவள் தோள்வாரா,
பத்தாயிரம் அடியில் யார் விசாரிப்பது.
எட்டில் நிறுத்தியிருந்த வளையம்
இரண்டு புள்ளி எட்டுக்குப் போய்விட்டது.
எட்டு மடங்கு வெளிச்சம்.

கையால் திருகும் பழைய லென்ஸ்.
கேமராவோடு பேச அதற்கு ஒரு கம்பிகூடக் கிடையாது.
என் ஹெல்மெட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டு,
ஒன்றின் சங்கதி மற்றதற்குத் தெரியாமல்
என்னோடு சேர்ந்து விழுந்தன.

பல்லிடுக்கில் சுவிட்ச்.
முப்பத்தைந்து வினாடி கடித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு படம்.
நன்றாய் வருகிறது என்று நினைத்துக்கொண்டே.

*

இரவு வடசேரியில், மாடி அறை.
திரை முழுக்க வடிகஞ்சி.

முதலில் வெளிச்சத்தைக் குறைத்தேன்.
பிறகு உச்ச ஒளியை மட்டும் பிடித்து இழுத்தேன்,
அடிவரைக்கும்.
கடல் கொஞ்சம் வந்தது, மோர் நிறத்தில்.
மருத்துவாமலை வந்தது, முதுகு மட்டும்.
தென்னைகள் பரவாயில்லை,
பச்சை எதையாவது மிச்சம் வைக்கும்.
அவள் நெற்றியை இழுத்தேன்,
சாம்பலாக வந்தது.
இன்னும் இழுத்தேன்,
இன்னும் சாம்பல்.
ஒளி நிரம்பி வழிந்த இடத்தில்
வழிந்ததை யாரும் பிடித்து வைத்திருப்பதில்லை.

கடைசியில் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன்.
தோற்றவன் செய்கிற வேலை அது.
எங்களுக்குள் அதற்குக் கலை என்று பெயர்.

*

சுயம்புகனி மறுநாள் பத்து மணிக்கு வந்தாள்.
சாமித்தோப்புப் பக்கம் உப்பளத்தில் எடை எழுதுகிறவள்.
சீட்டு விழுந்த பணம்.
வீட்டில் சொல்லியிருந்தது
நாகர்கோவிலில் பல் பிடுங்கப் போவதாக.

முகத்தை அவள் தேடவில்லை.
"அண்ணே, எங்க அளத்தக் காணல்லியே."

போயிட்டு, என்றேன்.
ஏற்கெனவே வெள்ளை, அதற்குமேல் எட்டு மடங்கு.
மீட்க அங்கே ஒன்றும் கிடையாது.

அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.
படத்தின் கீழ்மூலையில்
பென்சில் கீறல்போல ஒரு கோடு தப்பியிருந்தது.
"இது கால்வா.
இதுலேர்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணு.
நான் நிக்க பாத்தி இதுதான்."
ஒன்றுமில்லாத இடத்தில்
விரலை வைத்து அழுத்தினாள்.
திரையில் ஈரக்குறி விழுந்தது.

"உப்பு வெள்ளயாத்தான இருக்கும்" என்றாள்,
எனக்காக யாரிடமோ வாதாடுவது போல.

ஆனால் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது
வேண்டாம் என்று சொல்லவில்லை.
இரண்டு தடவை எண்ணினாள்.
எடை எழுதுகிற கை.
அந்த ஒரு படத்தை மட்டும் போனில் வாங்கிக்கொண்டு
கன்னத்தில் பஞ்சை அடக்கிப் பஸ் ஏறினாள்.

*

அன்று மாலையே கறுப்பு டேப் வாங்கினேன்.
எட்டில் ஒரு சுற்று.
தூரத்தை முடிவிலிக்குச் சற்று இப்பால் நிறுத்தி
அங்கேயும் ஒரு சுற்று.
ஷட்டர் ஆயிரத்தில் ஒன்று,
ஐஎஸ்ஓ இருநூறு,
கேமரா தானாய் யோசிப்பதெல்லாம் நிறுத்தம்.
ஏறுமுன் வானத்தை ஒன்று, தரையை ஒன்று
எடுத்துப் பார்ப்பதாகச் சத்தியம்.
ஹெல்மெட்டை மாட்டியபின்
லென்ஸைத் தொட எவனுக்கும் அனுமதியில்லை, எனக்கும்.

பிறகும் பயம் விடவில்லை.
ஷட்டரை இரண்டாயிரத்துக்குத் தள்ளினேன்.

அடுத்துக் குதித்தவன் மணவாளக்குறிச்சி லாரிக்காரன், ஜெரின்.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே
சொல்லாமல் வந்தது மேகம்.
அத்தனை படமும் இருட்டு.
கரிச்சட்டிக்குள் விழுகிறவன்போல இருந்தான்,
பல் மட்டும் தெரிந்தது.

நான் சிரித்துவிட்டேன்.
இருட்டென்றால் தோண்டலாம்.
மெல்லத் தூக்கினேன்.
மூக்கு வந்தது, புருவம் வந்தது,
பின்னால் மேகத்துக்கு ஒரு ஓரம் வந்தது.
எல்லாவற்றின் மேலும் பரல்பரலாக,
அரைக்காத கல்லுப்பு.