இருபது வாட்

சைக்கிள் எங்கேயும் போகவில்லை.
அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியின் மூணாவது மாடியில்
சட்டையைக் கழற்றிவிட்டு மிதித்துக்கொண்டிருக்கிறேன்.
கையில் ஒரு பட்டை, கணுக்காலில் ஒரு பட்டை.
கழுத்தோரம் பேனா மாதிரி எதையோ வைத்து
அழுத்திக் கேட்கிறது ஜெனிட்டா என்கிற பொண்ணு.
"மெதுவாங்க ஐயா. இருபது வாட் போதும்."

இருபது வாட்!
நாற்பத்தோரு வருஷம் மோட்டார் காயில் கட்டினவனிடம்.
கணபதியில் என் பட்டறை ஃபேன்கூட
அந்தக் காசுக்குச் சுத்தாது.
இருபத்திநாலு வயசில், மூணு ஹெச்.பி. மோட்டாரைக்
கேரியரில் கயிறு போட்டுக் கட்டி
சரவணம்பட்டி மேடு ஏறின கால் இது.

வெளியே பெஞ்சில் பதினோரு பேர்,
எல்லாரும் அறுபது தாண்டின ஆம்பளைகள்.
ஆளுக்கொரு மஞ்சப்பை, பைக்குள் கேன்,
கேனுக்குள் நேற்று முழுக்கப் பெய்த மூத்திரம்.
டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
"தேங்காயெண்ணெயா பெருசு?" என்றான் கண்டக்டர்.
ஆமாம் என்றேன். செக்கில் ஆட்டினது என்றேன்.

படுக்கவைத்துப் பார்த்தபோது எல்லாமே சரியாக இருந்ததாம்.
எழுப்பி நாலு நிமிஷம் மிதிக்க விட்டதும்
அலை வேகமாக ஓடுகிறதாம்.
"இளசா இருக்கற குழாய் கொஞ்சம் விரிஞ்சு குடுக்குமுங்க.
வெறச்சுப்போன குழாய் குடுக்காது.
அடிக்கிற அடி அப்படியே
கிட்னிக்குள்ள போயி விழும்."

எனக்கா தெரியாது?
லோடு இல்லாமல் ஓட்டினால் எல்லா மோட்டாரும் நல்ல மோட்டார்.
ஆம்ப்ஸ் முள் நின்ற இடத்தில் நிற்கும்,
பார்ட்டி சந்தோஷமாகப் பணம் எண்ணுவார்.
வால்வைக் கால் திருகு திற.
அவ்வளவு போதும்.
எந்தக் காயில் உள்ளே வெந்திருக்கிறது என்று
அதுவே முனகிச் சொல்லும்.

ஆறுச்சாமிக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.
ஃபவுண்டரியில் கொதிகரண்டி பிடித்த கையில்
ரெண்டு குழாயை ஒன்றாகத் தைத்திருக்கிறார்கள்.
தொட்டால் கிர்ரென்கும்.
"தொட்டுப் பாரு மாப்ளே" என்று நீட்டுவான்.
சிங்கிள் ஃபேஸ்தான், யார் கட்டின வைண்டிங் என்பேன்.
சிரிப்போம்.
கையை எடுத்த பிறகும் என் விரலில் அது ஓடிக்கொண்டிருக்கும்,
வீடு வந்து சேரும்வரை.

ஜெனிட்டாவின் தாளில் கேள்விகள் முடிந்துவிட்டன.
பீடி, சர்க்கரை, உப்பு, அப்பாருக்கு பி.பி. இருந்ததா.
அந்தச் சிவப்பு மாத்திரையைத் தாளும் கேட்கவில்லை.
முதுகுவலிக்கு, மருந்துக்கடையில், சீட்டில்லாமல்,
பதினெட்டு வருஷம். சீசனில் நாளைக்கு மூணு.
பெடலை நிறுத்தாமலே சொன்னேன்.
நிறுத்தியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.
எழுதுவதை விட்டுவிட்டு
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தது அந்தப் பொண்ணு.

வீட்டில் ரெண்டு குழாய், சிறுவாணி ஒன்று, உப்புத்தண்ணி ஒன்று.
உப்புக் குழாயின் வாயில் வெள்ளை ஏடு.
நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.
கை கழுவிக்கொண்டு வந்தேன்.

பொழுதோடு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
வேகம் வேண்டாம், பேசிக்கொண்டே போகிற நடை.
கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில்
நானும் துளசிமணியும் அந்த வேகத்தில் நடந்ததே இல்லை.
நான் முன்னால் போவேன்,
அவள் எங்கோ வந்துகொண்டிருப்பாள்.

சின்னவேடம்பட்டி ஏரிக்கரையில் மூச்சு வாங்கி நின்றேன்.
"ஏனுங்க, என்னாச்சுங்க?"
ஒண்ணுமில்லெ என்று வாய் வரைக்கும் வந்தது.
அதை விழுங்கிவிட்டு
கேனைப் பற்றிச் சொன்னேன், கண்டக்டரைப் பற்றி,
தேங்காயெண்ணெயைப் பற்றி.
தண்ணியில்லாத ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரிச்
சிரித்தாள்.

மாத்திரையை
அந்த வேலிக்கருவேலம் தாண்டினதும் சொல்லலாம்.
நடை இன்னும் இருக்கிறது.