முக்கூடலில் மத்திமீன் படம்

படத்துக்கு அடியில் தமிழ் ஓட வேண்டும் என்று
இருபத்தொரு நாள் உட்கார்ந்து எழுதியிருந்தேன்.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வரிகள்.
படம் தொடங்கி நாலாம் நிமிடம்
ஆவுடைத்தங்கம் சொன்னாள்:
‘எழுத்தப் பாத்தா இலைய யாரு பாக்க?
வாசிச்சுச் சொல்லு தாயி.’

சங்கக் கட்டடத்தில் அறுபது பேர்.
அறுபது மடியிலும் சுளவு.
போர்ச்சுகலில் இருந்து ஒருத்தி வந்திருக்கிறாள் என்பதற்காக
நாளைக் காலை கடைக்குப் போக வேண்டிய ஆயிரம் பீடி
தானாகச் சுருண்டுகொள்ளாது.
மைக்கை வாங்கி
அந்த ஊர் வாய்கள் அசைய அசைய
நான் பேசினேன்.
கிழவிக்கும் நான், குமரிக்கும் நான்,
ஆலை மேஸ்திரிக்கும் நான்தான்.

சில சொற்களுக்கு நான் தேவைப்படவில்லை.
ஜன்னலை ஜனேலா என்றார்கள்,
மேசையை மேஸா.
மேஸ்திரியை அவர்களும்
ஏறக்குறைய மேஸ்திரி என்றே வைதார்கள்.
சாவி மட்டும்
டயரில் காற்றுப் போவதுபோல
ஷாவ்.
‘நம்ம பேச்சுல்லா பேசுதாவ’ என்றாள்
செய்யதலி பாத்திமா.
எப்போதோ கப்பலில் வந்து
முத்துக்கும் மிளகுக்கும் சண்டை பிடித்தவர்கள்
விட்டுப்போன சாமான் அது என்று
விளக்க நேரமில்லை.
அடுத்த வரி வந்துவிட்டது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை.
மத்தியைத் தலை கிள்ளி டப்பாவில் அடுக்குகிறார்கள்.
ஒருத்தி தன் சம்பளத்தைத் தன் பேரிலேயே
வங்கியில் போட நினைக்கிறாள்.
நிறைய மழை பெய்கிறது.
பின்வரிசையில் கொட்டாவி.

பிறகு மேஸ்திரி வந்து
அடுக்கிய டப்பாக்களில் ஏழெட்டைப்
புறங்கையால் தள்ளினான்.

வசனமில்லை. மைக்கை இறக்கியிருந்தேன்.
அறுபது சுளவிலும் கை நின்றது.
‘ஏளா, கழிவு போடுதாம் பாரு.’
‘தள்ளுனத அவனே எடுத்து விப்பான்.’
அடுத்த காட்சியில் விற்றான்.

விளக்கு போட்டதும்
இனேஸ் முன்னால் வந்து நின்றாள்.
பெண்ணின் சக்தி, கடல் தாண்டிய சகோதரித்துவம் என்று
எழுதிவந்ததை வாசித்தாள்.
நூல் சுற்றிய விரல்களோடு கைதட்டினார்கள்.
கேள்வி உண்டா என்றதும்
பிரம்மசக்தி எழுந்திருக்காமலே கேட்டாள்:
‘அந்தப் பொம்பள நடிக்கவளா,
நெசமாவே மீன் அடுக்குதவளா?’

நெசமாவே.

‘அவளுக்கு எவ்வளவு குடுத்தாவ?’

ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு
ஆங்கிலத்தில் சொன்னேன்.
இனேஸ் மின்விசிறியைப் பார்த்தாள்.
மூன்று நாள் சாப்பாடு.
பிறகு, ஒரு கம்பளிச் சட்டை.
பிறகு மெதுவாக:
அவள் கேட்கவில்லை.

‘ஒத்தையில எப்படிக் கேப்பா?’ என்றாள் ஆவுடைத்தங்கம்.
‘நாங்களே இந்தக் கட்டடம் கட்டுன பொறவுதான கேட்டோம்.’
அதோடு விடாமல் என் பக்கம் திரும்பி,
‘ஒனக்கு எவ்வளவு?’

பஸ் சார்ஜும் ஒரு பொன்னாடையும் என்றேன்.
சிரித்த சிரிப்பில் சுளவுகளில் தூள் பறந்தது.

என்ன சொல்கிறார்கள் என்றாள் இனேஸ்.
கழிவுக்கு ஆங்கிலம் தேடினேன்.
கிடைத்ததெல்லாம் குப்பைத்தொட்டிச் சொற்கள்.
படத்தைப் பின்னுக்கு ஓட்டி
அந்தப் புறங்கையில் நிறுத்தினேன்.
மேஸ்திரியைத்தான் காட்டினேன்.
அவளாகவே தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.
கொஞ்சம் கழித்து நோட்டில் ஒரு பெண்பெயர் எழுதி
எதிரே ஒரு தொகை எழுதினாள்.
அடித்தாள்.
அதைவிடக் கூடுதலாக எழுதினாள்.
என் பெயர் அதில் இருந்ததா என்று
எட்டிப் பார்க்க வெட்கமாக இருந்தது.
பார்த்தேன். இல்லை.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
சுளவுகளைக் கவிழ்த்துத் தட்டி,
திரையைச் சுருட்டி,
நாற்காலியைச் சுவரோரம் தள்ளி,
வாசலில் இருந்து யாரோ கத்தினார்கள்:
‘ஏட்டி, சாவி யாருட்ட இருக்கு?’

இனேஸ் திரும்பிப் பார்த்தாள்.

நான் வாயே திறக்கவில்லை.