அடுத்த பிழை

நீடாமங்கலம் ரயில்வே கேட்.
பேருந்து நின்று இருபது நிமிடம் ஆகிறது.
மடியில் கணினி, பேட்டரி பதினொன்று.
எட்டாம் விசையை அழுத்தினால்
கர்சர் எங்கே போய் நிற்க வேண்டும் என்று
இன்றிரவுக்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.

சின்ன விஷயம்தான்.
ஆனால் முன்னிருப்பு என்பது
நாம் போய்ச் சேரும் முன்பே அங்கே இருப்பது.
நூற்றில் தொண்ணூறு பேர் அதைத் தொடுவதில்லை.
நானே என் கைபேசியின் மணியொலியை
வாங்கிய நாளிலிருந்து மாற்றவில்லை.

"பிழையோ எச்சரிக்கையோ, வரிசையாப் போகட்டும்.
தரம் பிரிக்க நாம யாரு?" என்கிறான் யாசின்,
கூத்தாநல்லூரிலிருந்து, வாயில் எதையோ மென்றபடி.

ஆற்றங்கரையில் உடைப்பு எடுத்திருக்கும்போது
வரப்பில் புல் மண்டியதைக் காட்டுகிறவனை
யாராவது கூட்டிக்கொண்டு போவார்களா?
முதலில் பிழைகள்.
அவை தீர்ந்த பிறகு
பயன்படாத மாறியைப் பற்றிப் பேசலாம்.

"உடைப்பே நாற்பத்தொண்ணுன்னா?"

நாற்பத்தொன்றும் உடைப்பில்லை யாசின்.
மேலே எங்கோ ஓர் அடைப்புக்குறி மூடாமல் கிடக்கும்,
கீழே நாற்பது வரி அதற்காக அழும்.
தலைமதகு திறக்காத வருஷம்
கடைமடைக்காரர்கள் தனித்தனியாக
மனுக் கொடுப்பதுபோல.
ஆகவே முதல் அழுத்தத்துக்கு
முதல் பிழை
என்று எழுதினேன்.
அழித்தேன்.
ஆயிரமாவது வரியில் உட்கார்ந்து
எதையோ இப்போதுதான் திருத்திய ஆளைத்
தூக்கி மூன்றாம் வரியில் போட
எனக்கென்ன உரிமை?
நிற்கிற இடத்திலிருந்து அடுத்தது. அப்படியே இருக்கட்டும்.
இதில் எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

இந்த கேட்டுக்கு முன்னிருப்பு எது,
மூடியிருப்பதா திறந்திருப்பதா?
ஜன்னலுக்கு ஜன்னல் கடலை நீட்டுகிறவர் ஒன்று சொல்வார்,
எஞ்சின் ஓட்டுகிறவர் ஒன்று சொல்வார்.

சிக்கல் கடைசிப் பிழையில் இருக்கிறது.
அதற்குப் பிறகும் அழுத்தினால்
சத்தமில்லாமல் முதலுக்குத் தாவும்.
அழகு என்று நினைத்து
ஆறு வருடத்துக்கு முன் நான் வைத்தது.

போன மாதம் வலங்கைமானிலிருந்து
தையல்நாயகி எழுதியிருந்தார்.
நெல் கொள்முதல் நிலையத்துக்கு
ஈரப்பதம் கணக்கிடும் நிரல் எழுதுகிறவர்.
பார்வை இல்லை, திரையைக் காதால் படிக்கிறார்.
"இருந்தது மூணே மூணு பிழை.
மூணுக்கும் ஒரே வாசகம்.
சுத்திச் சுத்தி வந்தது எனக்குத் தெரியலை.
நூத்திப் பன்னிரண்டு வரை எண்ணினேன்.
நம்ம வேலை இவ்வளவு மோசமான்னு
மூடி வெச்சிட்டுப் படுத்துட்டேன்."

படுத்துட்டேன்.
இந்தச் சொல்லை
அமைப்புகளில் எந்தப் பெட்டிக்குள் வைப்பேன்?
அதற்கு டிக் போட்டால் என்ன ஆகும், எடுத்தால் என்ன ஆகும்?

கடைசியில் நிற்கட்டும்.
ஒரு சின்ன மணி.
"மூன்றில் மூன்று. இதோடு முடிந்தது"
என்று ஒரு வரி, கண்ணுக்கும் காதுக்கும்.
மறுபடி அழுத்தினால் சுற்றட்டும்,
தெரிந்து சுற்றுகிறவரை யார் தடுப்பது?

"ஒரு அழுத்தம் வீணாகுதே" என்றான் யாசின்.
ஆகட்டும்.
"பழகினவன் திட்டுவான்."
திட்டட்டும், அவனுக்கு
அமைப்புகள் பக்கம் எங்கே என்று தெரியும்.

பேட்டரி நான்கு. சேமித்தேன்.
திருவாரூர்ப் பக்கம் போகிற சரக்கு ரயில்
அத்தனை பெட்டியையும் காட்டிவிட்டுப் போனது.
கேட் எழுந்தது.
சாலையின் இரு பாதியையும் இரு பக்கத்தாரும்
ஏற்கெனவே அடைத்துக்கொண்டு நின்றதால்
ஒரு வண்டியும் நகரவில்லை.

இது என் பிழை இல்லை.