பகுதிக்கு வெளியே

பாயான் லெப்பாஸ், மூன்றாவது ஷிஃப்ட்.
ஜன்னல் இல்லாத அறை; விமானம் இறங்குவது
மேசை அதிர்வதில் தெரியும்.
டாக்டர் குவா என் மூக்கில் ஒரு கண்ணாடி மாட்டினார்.
பவர் இல்லாத கண்ணாடி.
நான் பார்ப்பதற்கு அல்ல,
நான் பார்ப்பதைப் பார்ப்பதற்கு.

"மங்களேஸ்வரி, வழக்கம்போல வேலை செய்யுங்கள்" என்றார்.

வழக்கம் என்றால்
ஒரு தட்டில் நாற்பது சிப்,
திரையில் ஒவ்வொன்றும் வீட்டுக் கதவளவு பெரிதாகி வரும்.
நான்கு விநாடி.
சரியென்றால் பச்சைப் பொத்தான், பழுதென்றால் சிவப்பு.
பதினாறு வருடத்தில் பச்சையில் எழுத்து தேய்ந்துவிட்டது.
சிவப்பில் இன்னும் படிக்கலாம்.

மறுவாரம் கூப்பிட்டுப் படம் போட்டுக் காட்டினார்.
திரையில் ஒரு மஞ்சள் புள்ளி ஓடியது.
இதுதான் உங்கள் பார்வை என்றார்.
சர்க்கரை டின்னைச் சுற்றும் எறும்பு மாதிரி இருந்தது.
இவ்வளவு அலைகிறேனா நான்,
உட்கார்ந்த இடத்தில்?

ஒரு சிப்பில் நிறுத்தினார்.
மூன்றாவது காலில் மயிரிழை விரிசல்.
புள்ளி அதன்மேல் ஏறி உட்கார்ந்தது,
கால் விநாடிக்கும் கொஞ்சம் கூட.
பிறகு இறங்கிப் போனது.
விரல் பச்சையை அமுக்கியது.

நான் பார்க்கவே இல்லை என்றேன்.
பார்த்தீர்கள், தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார்.

கண்டும் காணாமல் இருப்பது என்றால்
கல்யாண வீட்டில் கடன் கொடுத்தவரிடம் செய்வது
என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆயிரத்துக்கு ஒன்றுதான் பழுது என்றால்
மூளை கடையைச் சாத்திவிடுமாம்.
சோம்பல் இல்லையாம் இது.
பக்கத்து விமான நிலையத்தில் பெட்டி பார்ப்பவருக்கும்
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படிப்பவருக்கும் இதே கதைதான்.
சூப்பர்வைசர் தியோவுக்கு இதையே
ஒரு தாளில் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன்.
சிரித்தார். எழுதித் தரவில்லை.

படம் ஓடிக்கொண்டிருந்தது.
திடீரென்று புள்ளி திரையை விட்டு வெளியே குதித்தது.
இடது பக்கம். காலி நாற்காலி.
திரும்பி வந்தது. முப்பது, நாற்பது சிப்.
மறுபடி நாற்காலி.
ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு தடவை.

கழுத்து திரும்பிய ஞாபகமே எனக்கு இல்லை.

ஹஸ்னிசா அங்கே ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தாள்.
சாகவில்லை; கூலிமுக்கு மாற்றல்,
பிப்ரவரியில் கேக் எல்லாம் வெட்டினோம்.
சந்தேகம் வந்தால் "தெங்கோக் கெஜாப்" என்பேன்.
நாற்காலியை உருட்டி வந்து எட்டிப் பார்ப்பாள்.
"ஓகே லா" என்பாள்.
எப்போதாவது "ரோசாக்", பழுது.
இரண்டு பேர், நான்கு கண் என்று
யாரும் கணக்கு வைக்கவில்லை.

இதெல்லாம் பகுதிக்கு வெளியே,
ஆய்வில் சேராது என்றார் டாக்டர்.
இருபத்திரண்டையும் வரிசையாகத் தொட்டார்,
நீக்கினார்.
புள்ளி இப்போது ஒழுங்காகத் திரைக்குள்ளேயே ஓடியது,
நல்ல பிள்ளை மாதிரி.

இந்த மாதம் புது ஏற்பாடு.
பொய்ப் பழுதுகளை நடுநடுவே கலந்துவிடுகிறார்கள்.
தேடுகிறவருக்கு அவ்வப்போது கிடைக்க வேண்டுமாம்,
இல்லாவிட்டால் கண்ணுக்கு நம்பிக்கை போய்விடும்.
பொய்யைப் பிடித்தால் திரை டிங் என்று பாராட்டும்.
நிஜத்தைப் பிடித்தால் சத்தமே இல்லை;
அது நிஜம் என்று அதற்கும் தெரியாது அல்லவா.

நேற்று ஒன்பது சிவப்பு.
எட்டுக்கு டிங்.
ஒன்பதாவதற்குத் திரை வாய் திறக்கவில்லை.
மூலையில், முடியைவிட மெலிதாக,
ஒரு கோடு. அல்லது கோடு மாதிரி.

விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமல்
இடது பக்கம் திரும்பினேன்,
இந்தத் தடவை எனக்குத் தெரிந்தே.